ஓட்டியைத் தேட உதவுமா சார்பதிவகம்? கொங்கு நாட்டில் பழைய பத்திரத் தேடல் சேவை பற்றி ஒரு மதிப்புரை

கொங்கு நாட்டில் 1840-க்கும் 1890-க்கும் இடையில் பிறந்த ஒரு பெண்ணை, அதாவது நம் ஓட்டியை (தாத்தா பாட்டிக்குப் பாட்டி), எழுத்தில் தேடிப் பிடிக்க இன்று கிடைக்கிற சேவைகளில், கொடுக்கிற காசுக்கு அதிகம் திருப்பித் தருவது பதிவுத் துறையின் பழைய ஆவணத் தேடலும் சான்றிட்ட நகலும்தான். வம்சாவளிப் புத்தகம் அச்சடித்துத் தருபவர்கள், எச்சில் வாங்கி மரபணு பார்த்துச் சொல்பவர்கள், வெளிநாட்டுக் குடும்ப மரத் தளங்கள் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான். ஆனால் சேவையைப் பயன்படுத்தும் விதம் முக்கியம். நிலம் வாங்குபவர் போடுவதுபோல சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் போட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று திரும்பி வருபவர்களே அதிகம்.

முதலில், அந்தக் காலத்துப் பெண்ணுக்கு வேறு எழுத்து ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. மெட்ராஸ் மாகாணத்தில் 1871-லும் 1881-லும் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். வீடு வீடாக எழுதிய தாள்களை வைத்திருக்கவில்லை. அச்சான தொகுப்பில் தாலுகாவாரியாகத் தலை எண்ணிக்கைதான் இருக்கிறது, பெயர் கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவுக்கான மாகாணச் சட்டம் 1899-ல்தான் வந்தது. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டுப் பட்டியல் ஆண்களின் பட்டியல். பட்டாவும் ஆண் பெயரில். ஆக, கணவன் உயிரோடு இருந்து, மகன்கள் தலையெடுத்து, நிலத் தகராறு இல்லாமல் வாழ்ந்து முடித்த பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படாமல் போயிருக்கலாம். கணவன் சின்ன வயதில் இறந்திருந்தால் கதையே வேறு.

அங்கேதான் சார்பதிவகம் வருகிறது. 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 1865 முதல் மாகாணத்தில் பத்திரப் பதிவு நடக்கிறது. 100 ரூபாய்க்குக் குறையாத நிலத்தைக் கிரயம் செய்தால் பதிவு கட்டாயம். இந்தப் பதிவுகளில் பெண்கள் வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில். மகன் மைனராக இருக்கும்போது தாய் கார்டியனாக நின்று அடமானமோ கிரயமோ எழுதிக் கொடுப்பது ஒன்று. கூட்டுக் குடும்பத்தில் கைம்பெண்ணுக்குக் கொழுந்தன்மார் எழுதிக் கொடுத்த ஜீவனாம்சப் பத்திரம் இன்னொன்று. மூன்றாவது, பாகம் பிரிந்துபோன கணவன் ஆண் வாரிசு இல்லாமல் இறந்து, சொத்து அவள் கைக்கு வந்தது.

இந்த மூன்றாவது வகைதான் தேடுபவருக்குப் புதையல். அன்றைய இந்துச் சட்டப்படி அவளுக்கு அந்த நிலத்தில் ஆயுள் உரிமைதான். அவசியக் காரணம் இல்லாமல் விற்றால், அவள் காலத்துக்குப் பிறகு கணவனின் பங்காளிகள் வழக்குப் போட்டு நிலத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதனால் வாங்குகிறவர் தன் பாதுகாப்புக்காக விற்கும் காரணத்தைப் பத்திரத்திலேயே விரிவாக எழுதச் சொல்வார். கணவர் வைத்துவிட்டுப் போன கடன் யாருக்கு எவ்வளவு, எந்த மகளின் கல்யாணச் செலவு, எத்தனை வருஷக் கிஸ்தி பாக்கி, கணவருடைய கருமாதிச் செலவு என்று வரிசையாக வரும். ஒரு பெண்ணின் பத்து வருஷ வாழ்க்கை ஒரே பக்கத்தில் கிடைக்கும். இந்த அளவுக்கு எந்த வம்சாவளிப் புத்தகமும் தராது.

இனி சேவையைப் பயன்படுத்தும் முறை. பதிவுத் துறையின் இணையத்தளத்தில் வில்லங்கம் பார்ப்பது சுலபம். ஆனால் இணையத்தில் கிடைப்பது பொதுவாக 1975-க்குப் பிந்தியவை. நமக்கு வேண்டியது அதற்கு நூறு வருஷம் முந்தியது. அதற்கு அலுவலகத்துக்கு நேரில் போய் விண்ணப்பம் கொடுத்துத் தேட வைக்க வேண்டும். வில்லங்கச் சான்று சொத்தை வைத்துத் தேடுவது. படிவம் 15-ல் பதிவுகள் வரும், எதுவும் இல்லையென்றால் படிவம் 16 தருவார்கள். ஆளை வைத்துத் தேடுவதற்கு, நிலம் வீடு பற்றிய பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தின் முதலாம் அட்டவணை இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் எல்லோருடைய பெயரும் அதில் உண்டு. விண்ணப்பத்தில் 'பெயர் அட்டவணைத் தேடல்' என்று தெளிவாக எழுதுங்கள். வாயால் சொன்னால் வில்லங்கத் தேடலாகவே போய்விடும். பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி முதல் புத்தகமும் அதன் அட்டவணையும் யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கக்கூடியவை. 'நீங்க அந்தச் சொத்துக்கு யாரு?' என்று கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லலாம்.

தேடல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் ஏறும். ஆகவே 1865 முதல் 1900 வரை என்று மொத்தமாகக் கேட்பது காசையும் எழுத்தரின் பொறுமையையும் வீணாக்கும். கணவன் இறந்த காலத்தைக் கணித்து, அதிலிருந்து பதினைந்து வருஷம் கேளுங்கள். மைனர் மகன் மேஜர் ஆகும் வரைதான் தாய் கார்டியனாக நிற்பாள். அந்த இடைவெளியில்தான் அவள் பெயர் வரும். கணிப்பதற்குத் தாது வருஷப் பஞ்சம் நல்ல அடையாளம். 1876-78 பஞ்சத்தை வைத்து வயது சொல்லும் பழக்கம் வீடுகளில் இருந்தது. 'தாது வருசத்துல அப்பாரு (தாத்தா) கைக்குழந்தை' என்ற ஒரு பேச்சு இருந்தால், அவரைப் பெற்றவளின் வயதையும் பத்து வருஷ வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம்.

எந்த அலுவலகம் என்பதில்தான் பாதிப்பேர் தடுமாறுகிறார்கள். இன்றைய மாவட்ட எல்லையை மறந்துவிடுங்கள். கரூர் 1910 வரை கோயமுத்தூர் மாவட்டம். நாமக்கல் அதே ஆண்டில் சேலத்திலிருந்து திருச்சிக்குப் போய்ப் பிறகு திரும்பியது. ஈரோடு தனி மாவட்டமானது 1979-ல், திருப்பூர் 2009-ல். காங்கயம் தாராபுரம் தாலுகாவிலும், திருப்பூர் பல்லடம் தாலுகாவிலும் இருந்தன. சத்தியமங்கலம் தாலுகாவின் தலைமையிடம் கோபிசெட்டிபாளையம். சார்பதிவகங்களும் இப்படியே பிரிந்து பிரிந்து வந்தவை. இன்று உங்கள் ஊருக்கு இருக்கும் அலுவலகம் 1880-ல் இருந்திருக்காது. 'இந்த அலுவலகம் எந்த ஆண்டு தொடங்கியது, அதற்கு முன் இந்தக் கிராமம் எந்த அலுவலகத்தில்?' என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். இதைக் கேட்காமல் கட்டணம் கட்டினால் 'பதிவு இல்லை' என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்பித் தேடலையே கைவிட்டவர்கள் உண்டு. இன்னொன்று: பத்திரம் பதிவாவது நிலம் இருக்கும் எல்லையில். கைம்பெண் பொறந்த ஊட்டுக்குத் திரும்பிப் போய் அங்கேயே காலமாகியிருந்தாலும், பத்திரம் கணவனின் ஊர் அலுவலகத்தில்தான் இருக்கும். பொறந்த ஊட்டுப் பக்கமும் ஒருமுறை பார்ப்பது நல்லது. தகப்பன் சீதனமாக எழுதி வைத்த காடு ஏதாவது இருந்தால் அங்கே வரும்.

அவள் பெயரை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கணவன், மாமனார், மகன்கள், உடன்பிறந்த ஆண்கள் ஆகியோரின் பெயர்களும், தோட்டம் காடுகளின் பெயர்களும் கையில் இருக்க வேண்டும். காளியாத்தாள் ஒரு பத்திரத்தில் காளியம்மாள், இன்னொன்றில் காளியாயி. பாவாயி, குப்பாயி, நாச்சம்மாள், பழனியாத்தாள் போன்ற பெயர்கள் ஒரே ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைக்கு ஒரே பெயர் வரும். மூத்த தாரம், இளைய தாரம் என்று இரண்டு பேர் இருந்த வீடுகளில், பிள்ளைகள் யார் வயிற்றில் பிறந்தவர்கள் என்று குழம்பும். கணவன் பெயர், அவனுடைய தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் இந்த மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டுதான் ஒத்துப்போகிறது என்றால் பென்சிலில் எழுதி வையுங்கள்.

நேராக 1870-களுக்குப் போவதைவிடப் பின்னாலிருந்து ஏறுவது மேல். 1900-க்கும் 1930-க்கும் இடையில் அவளுடைய மகன்கள் செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் அநேகமாக வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும். இல்லாவிட்டால் வில்லங்கத்தில் வரும். 'எங்கள் தகப்பனார் சுமார் இத்தனை வருஷங்களுக்கு முன் காலமாகி' என்று தொடங்கி, 'தாயார் ஜீவதசை வரை வருஷத்துக்கு இவ்வளவு கம்பு, இவ்வளவு ராகி, இந்த அறையில் வாசம்' என்று அவளுக்கு விட்ட பாத்தியதை எழுதியிருக்கும். முந்தைய தஸ்தாவேஜின் ஆண்டு, புத்தகம், வால்யூம், பக்கம், நெம்பர் எல்லாம் அதிலேயே கிடைத்துவிட்டால் தேடலே வேண்டாம். நேராக நகலுக்கு விண்ணப்பிக்கலாம். சர்வே எண் மாறியிருக்கும் என்பதால் பழைய எண், ரீ.ச. (மறு சர்வே) எண் இரண்டையும் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் கையில் வந்ததும் பலரும் எழுதிக் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பத்திரத்தின் கடைசிப் பக்கம்தான் பெண்வழிக்குச் சாவி. பதிவாளர் முன் அவளை இன்னாரென்று நிரூபித்தவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். கைம்பெண்ணுக்கு அந்த இடத்தில் நிற்பவர் பல சமயம் அவளுடைய அண்ணனோ தம்பியோ சித்தப்பனோதான். வேற்றூர்க்காரர் ஒருவர் இந்த ஊர்ப் பெண்ணுக்காக வந்து நின்றிருந்தால், அந்த ஊரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் பிறந்த ஊராக இருக்க வாய்ப்பு அதிகம். செக்குபந்தியில் (நிலத்தின் நான்கு எல்லை விவரம்) வரும் பக்கத்துக் காட்டுக்காரர்கள் பெரும்பாலும் கணவனின் பங்காளிகள். கீறலோ கைநாட்டோ போட்டிருந்தால் அவள் எழுத்தறியாதவள் என்பதும் தெரிந்துவிடும்.

படிப்பதும் ஒரு வேலைதான். அக்காலத்தில் மூலப் பத்திரத்தைப் பதிவுப் புத்தகத்தில் கையால் பார்த்தெழுதினார்கள். கூட்டெழுத்து, புள்ளி வைக்காத மெய், குறில் நெடில் வேறுபாடு காட்டாத எகர ஒகரம் எல்லாம் வரும். ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்களில் ௧, ௫, ௭, ௮ ஆகியவை க, ரு, எ, அ போலவே இருப்பதால் எழுத்தாகப் படித்துவிட்டு வயதைத் தவறவிடுவார்கள். தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக்கும்போது தை, மாசி, பங்குனிக்கு ஒன்று கூட்ட வேண்டும்: தாது வருஷம் தை மாசம் என்றால் 1877 தொடக்கம். வீட்டில் இருக்கும் ஓலையில் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷச் சுழற்சியை மறக்கக் கூடாது. தாது 1816-லும் வந்தது, 1936-லும் வந்தது. பசலியில் (நிலவரிக் கணக்கு ஆண்டு) 590 கூட்டினால் அந்தப் பசலி ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்.

மூன்றாம் புத்தகத்தைப் பற்றி எழுத்தர்களே சொல்வதில்லை. உயிலும், தத்தெடுக்கும் அதிகாரப் பத்திரமும் அதில் பதிவானவை. ஆண் பிள்ளை இல்லாதவன், தன் காலத்துக்குப் பிறகு மனைவி தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைப்பது வழக்கம்; 1872 ஜனவரி 1-க்குப் பிறகு எழுதியது உயிலாக இல்லாவிட்டால் பதிவு செய்தே ஆக வேண்டும். எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் இதன் நகலைத் தரலாம் என்று அதே 57-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இந்தப் புத்தகத்தைப் பதிவு அலுவலர்தான் தேடுவார், நாம் புரட்ட முடியாது. 'கொங்கு வீட்டுல தத்துப் பிள்ளை' என்று லேசாகக் காதில் விழுந்தாலே இதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம் போடுவது நியாயமான செலவு.

சேவையின் குறைகளும் பெரியவை. பழைய வால்யூம்கள் ஒடிகிற நிலையில் இருப்பதால் 'ஏடு சிதைந்தது' என்று பதில் வரலாம். ஒரே நாளில் எதுவும் நடக்காது. பத்திர அவசரம் இருக்கும் முகூர்த்த நாளில் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயங்கள் பதிவாகாமலே போயிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், நிலமில்லாத குடும்பத்துப் பெண்களுக்கு இந்த அலுவலகத்தில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. பண்ணையாள் வீடுகள், தறிக்குழி வீடுகள், கூலிக்குப் போனவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும்.

அவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயில் பதிவேடு சார்பதிவகத்தைவிட மேல். கருமத்தம்பட்டி 17-ஆம் நூற்றாண்டு முதல் கத்தோலிக்கத் தலம். கோயமுத்தூர் 1850-ல் தனி அப்போஸ்தலிக்க ஆட்சிப் பகுதியாகி 1886-ல் மறைமாவட்டமானது. லண்டன் மிஷன் 1830-ல் கோவைக்கு வந்தது. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும்; திருமணப் பதிவில் பெண்ணின் தகப்பன் பெயர் இருக்கும். பங்குக் குருவின் அனுமதி வேண்டும், ஆண்டைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கூலி ஒப்பந்தத்தில் கடல் கடந்தவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கப்பல் பட்டியல்கள். 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் போனார்கள். பெண்களுக்கும் தனி வரி உண்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். கொங்கு நாட்டுப் பெண் ஒருத்தியின் தகப்பன் பெயரும் ஊரும் ஒரே வரியில் கிடைப்பது இங்கேதான். மொரீஷியஸ் போனவர்களுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம். ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், நாலைந்து விதமாக எழுதித் தேடிப் பாருங்கள்.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் கோயில் மானியம், இனாம் (வரிச்சலுகை) நிலம் இருந்த குடும்பங்களுக்கு மட்டும் போகத் தகுந்தது. 1858-க்குப் பிறகு இனாம் கமிஷன் எழுதிய பதிவேடுகளில் அனுபவிப்பவர் பெயர், வயது, வாரிசு எல்லாம் உண்டு. கோயில் பணியில் இருந்த பெண்கள் தங்கள் பெயரிலேயே இனாம் வைத்திருந்ததையும் அதில் பார்க்கலாம்.

மரபணுப் பரிசோதனையை இதற்காக வாங்க வேண்டியதில்லை. ஓட்டியிடமிருந்து நமக்கு வருவது சராசரியாக 6.25 சதவீதம். அத்தை மகள், மாமன் மகள் கல்யாணங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த நம் பக்கத்தில் ஒரே பகுதி பல வழிகளில் வந்து சேரும். உறவு உண்மையில் இருப்பதைவிட நெருக்கமாகக் காட்டும். தாய்வழி மைட்டோகாண்ட்ரியா சோதனை ஆயிரக்கணக்கான வருஷப் பின்னணியைச் சொல்லுமே தவிர, ஓட்டியின் பெயரைச் சொல்லாது. ஃபேமிலிசர்ச் என்ற வெளிநாட்டுக் குடும்ப மரத் தளம் இலவசம், மரத்தை எழுதி வைக்க நல்ல இடம். கொங்குக் கிராமப் பெண்ணின் ஆவணத்தை அங்கே எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வம்சாவளி எழுதித் தருபவரிடம் முன்பணம் கொடுக்கும் முன், ஏற்கனவே முடித்த புத்தகம் ஒன்றை வாங்கிப் பாருங்கள். மனைவியரின் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் பிறந்த ஊரும் கூட்டமும் (குலப் பிரிவு) இருக்கிறதா, ஒவ்வொரு பெயருக்கும் எந்தப் பத்திரம் அல்லது யார் சொன்னது என்று குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது பங்காளிப் பட்டியல்தான். அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களே ஒரு மத்தியானத்தில் சொல்லிவிடுவார்கள்.

அலுவலகத்துக்குப் போகும் முன் வீட்டில் கேட்க வேண்டியவை சில உண்டு. 'ஆத்தாளோட பொறந்த ஊடு எது?' என்றால் பலருக்குத் தெரியாது. ஆனால் 'அவங்க செத்தப்ப பொறந்த ஊட்டுக் கோடி எந்த ஊர்லருந்து வந்துச்சு?', 'அப்பாருக்கு மாமன் சீரு யாரு செஞ்சாங்க?', 'அவரு கல்யாணத்துல இணைச்சீருக்கு நின்ன பொறந்தவ யாரு, எந்த ஊருக்கு வாக்கப்பட்டா?' என்றால் தொண்ணூறு வயதுக்காரருக்கும் ஊர்ப் பெயர் வந்துவிடும். முதல் இரண்டு கேள்விகளும் அவள் பிறந்த ஊரைத் தரும், மூன்றாவது அவள் மகளின் வழியைத் தரும். கூட்டத்தின் பெயர் தெரிந்தால் அந்தக் கூட்டத்தின் காணிக் கோயிலில் விசாரித்து, அவளுடைய அண்ணன் தம்பி வழியினர் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கலாம். அவர்களுடைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் இந்தப் பக்கத்தில் இல்லாத அவளுடைய தகப்பன் பெயர் இருக்கும்.

நிலம் இருந்த குடும்பம், கணவன் முன்னால் இறந்தது, 1865-க்குப் பிறகு நடந்தது: இந்த மூன்றும் பொருந்துமானால் தயங்காமல் சார்பதிவகத்துக்குப் போகலாம். விண்ணப்பத்தை இரண்டு படியாக எழுதி ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பெயர்களைத் தமிழில் மூன்று நான்கு எழுத்து வேறுபாடுகளோடு தனித் தாளில் கொடுங்கள். நகல் வந்ததும் அலுவலகத்திலேயே பக்க எண்களைச் சரிபாருங்கள். நிரூபித்தவர்கள் பெயர் இருக்கும் கடைசிப் பக்கம் விடுபட்டிருந்தால் அங்கேயே கேட்டு வாங்கிவிடலாம்.